ஹெட்மாஸ்டர் நாற்காலி

செட்டிநாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கானாடுகாத்தான் தெருவிலே நின்றுகொண்டு கழுத்து வலிக்கும் வரையில் மேலே பார்க்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண் எத்தனை, இத்தாலியச் சலவைக்கல் எத்தனை, ஆத்தங்குடிக் கல் பதித்த அறை எத்தனை என்று எண்ணுகிறார்கள். முகப்பு, பட்டாலை, வளவு என்று ஒவ்வொரு கட்டாகப் போய்ப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு சுகமாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

அவர்கள் பார்க்காமலே போய்விடும் கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் பள்ளிக்கூடம்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பணம் முதலில் கோயிலுக்குப் போயிற்று. பிறகு ஊருணிக்குப் போயிற்று. பிறகு வேத பாடசாலைக்குப் போயிற்று. கடைசியில் ஹைஸ்கூலுக்கு வந்து சேர்ந்தது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றுப்புறத்துச் சின்ன ஊர்களிலும் கொடையாளர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிக்கூடங்களுக்கு இன்றும் குறைவில்லை. கவிஞர் கண்ணதாசன் படித்த அமராவதிப்புதூர் குருகுலம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் வாசக சகோதரிகளே, நான் இந்த வாரம் கட்டடத்தைப் பற்றி எழுத வரவில்லை. கட்டடத்துக்குள்ளே, வாசலுக்குப் பக்கத்து அறையில் கிடக்கும் ஒரு நாற்காலியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஹெட்மாஸ்டர் நாற்காலி! தேக்குத் தூண் நூறு இருந்தாலும் அந்த ஒரு நாற்காலி சரியில்லாவிட்டால் பள்ளிக்கூடம் நிற்காது. இதில் உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்களுக்குத்தான் முக்கால் வாசிச் சம்பந்தம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

* * *

முதலில், கொடை கொடுப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம்.

1947-ஆம் வருஷம். சென்னையில் அன்னி பெசன்ட் நினைவுக் கூட்டம் ஒன்று. சர்வகலாசாலைத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் பேசினார். பட்டணத்துக்கு வெளியே கல்லூரிகள் வேண்டும், தனவந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்பவர்கள் கைதட்டுவார்கள், கலைந்து போவார்கள், அதுதானே வழக்கம்? ஆனால் அந்தக் கூட்டத்தில் கோட்டையூர் அழகப்ப செட்டியார் இருந்தார். "காரைக்குடியில் நான் தொடங்குகிறேன்" என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். அந்த வருஷமே கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது! சொந்தக் கட்டடம் எழும்பும் வரையில் காத்திருக்கவில்லை.

அடுத்த வருஷம், 1948-இல், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு காரைக்குடியில் அடிக்கல் நாட்டினார். அதற்காக அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். மழலைப் பள்ளி, ஹைஸ்கூல், ஆசிரியர் பயிற்சி, பொறியியல் என்று அவர் தொடங்காத படிப்பு இல்லை. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்றபோது தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். 1957-இல் காலமானபோது அவருக்கு 48 வயது கூட நிறையவில்லை.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் பணத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். பணம் கொடுத்தவர் ஒரு நாள் போய்விடுவார். கொடுத்த நாள் கல்வெட்டில் இருக்கும். மறுநாள் காலையில் மணி அடிக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதற்கு மறுநாள்? ஐம்பது வருஷம் கழித்து வரும் ஒரு திங்கட்கிழமை?

கொடை ஒரு நாள் காரியம். நிர்வாகம் தினசரிக் காரியம். சமையலறையில் நிற்கும் உங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாண விருந்துக்குப் புகழ் உண்டு. தினமும் மூன்று வேளை உலை வைப்பதற்கு யார் மாலை போடுகிறார்கள்?

* * *

அந்தக் காலத்து உதவி பெறும் பள்ளிகளில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் மானேஜர், பள்ளியின் சொந்தக்காரர், அல்லது டிரஸ்டின் பிரதிநிதி. இன்னொருவர் ஹெட்மாஸ்டர். சாவி மானேஜரிடம், மணி ஹெட்மாஸ்டரிடம். மானேஜர் நல்லவராக இருந்தால் பள்ளிக்கூடம் பூத்துக் குலுங்கும். "பணத்துக்கு நான், படிப்புக்கு நீங்கள்" என்று அவர் ஒதுங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவர்கள் செட்டிநாட்டில் பலர் இருந்தார்கள். அவர்களால்தான் இந்தச் சின்ன ஊர்களில் ஹைஸ்கூல்கள் தழைத்தன.

ஆனால் எல்லா ஊரிலும் எல்லா மானேஜரும் அப்படி இருக்கவில்லை. ஜூன் மாதம் வேலைக்கு வைத்துக்கொண்டு, கோடை விடுமுறைச் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று ஏப்ரலில் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்புகிற தர்மவான்களும் நமது மாகாணத்தில் இருந்தார்கள். நாற்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் வெறுங்கையோடு நிற்பார். அவரிடம் படித்த பையன் ஜில்லா கலெக்டராக இருப்பான். அவருக்கோ பென்ஷன் கிடையாது.

1955-இல் சென்னை ராஜ்யம் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பென்ஷன், சேமநிதி, ஆயுள் காப்பு என்ற மூன்றும் சேர்ந்த திட்டத்தைக் கொண்டுவந்தது. வாத்தியார் வீட்டு அம்மாள் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு 1973-இல் தனியார் பள்ளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பள்ளிக் குழு வேண்டும், அதில் ஹெட்மாஸ்டருக்கு இடம் வேண்டும், கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றெல்லாம் விதித்தது. இப்போது அதன் இடத்தில் 2018-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் நாற்காலியை மானேஜர் தம் இஷ்டத்துக்கு எடுத்துப் போட முடியாது என்ற நிலை இப்படித்தான் வந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் பகல் உணவுத் திட்டம் வந்தது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டை நடத்தினார். யோசனை எளிது. இந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று ஒரு பட்டியல் போடு, ஊரைக் கூட்டு, பட்டியலைப் படி. ஒருவர் கரும்பலகை கொடுப்பார், ஒருவர் பெஞ்சு கொடுப்பார், ஒருவர் கிணறு வெட்டிக் கொடுப்பார், ஒருவர் சீருடைக்குத் துணி கொடுப்பார். பெரிய தனவந்தர் இல்லாத ஊரிலும் பள்ளிக்கூடம் நடக்க முடியும் என்று அந்த மாநாடுகள் காட்டின. அழகப்பர் ஒருவர் செய்ததை, ஆளுக்கு ஒரு பிடியாக ஊரே செய்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

* * *

இப்போது ஹெட்மாஸ்டர் அறைக்குள் எட்டிப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், பிரம்பு இல்லை. பிரம்பு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டில் எது அதிகமாக வலிக்கும் என்று எந்த ஹெட்மாஸ்டரையாவது கேட்டுப் பாருங்கள்!

அரசு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலைப் பிரார்த்தனை. எந்த ஆசிரியர் லீவு, அவருடைய வகுப்புக்கு யார் போவது என்று ஒரு சின்னக் காகிதம். வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சத்துணவுக்கு இன்று எத்தனை பிள்ளைகள் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்தச் சத்துணவில் முட்டை எண்ணிக்கை தவறினால் அது தனி விசாரணை. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ் என்று பிள்ளைகளுக்கு வருவதையெல்லாம் இறக்கி, எண்ணி, கையெழுத்து வாங்கி, கணக்கு எழுத வேண்டும். மேல்நிலைப் பள்ளியானால் சைக்கிளும் சேரும். கூரை ஒழுகினால் ஓர் ஆபீஸுக்குப் போக வேண்டும். கணக்கு வாத்தியார் வேண்டுமானால் வேறோர் ஆபீஸுக்குப் போக வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலர் கூட்டம் ஒரு நாள்; முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம் இன்னொரு நாள். நடுவில் தகப்பனார் ஒருவர், "என் பையனை யாரோ அடித்துவிட்டான்" என்று வாசலில் நிற்பார்.

இத்தனைக்கும் நடுவில், "ஹெட்மாஸ்டரும் வாரத்தில் சில வகுப்பாவது பாடம் நடத்த வேண்டும்" என்று விதி இருக்கிறது. நல்ல ஹெட்மாஸ்டர் அந்த வகுப்பை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை நாற்காலியில் இருந்து பார்க்க முடியாது. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்க்க முடியும்.

இந்த வேலைகளிலே வெளியில் தெரியாத ஒன்றைச் சொல்லுகிறேன். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சில மாதம் முன்னால், பரீட்சைத் துறைக்குப் பெயர்ப் பட்டியல் போகும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி. அந்தப் பட்டியலில் இருப்பதுதான் சான்றிதழில் அச்சாகும். சான்றிதழில் அச்சானதுதான் காலேஜிலும், பாஸ்போர்ட்டிலும், வேலையிலும், பென்ஷனிலும் கூடவே வரும். அதில் ஓர் எழுத்து பிசகினால், முப்பது வருஷம் கழித்து உங்கள் மகள் ஏதோ ஓர் ஆபீஸ் வாசலில் நின்று, "அந்த மீனாட்சியும் நான்தான், இந்த மீனாக்ஷியும் நான்தான்" என்று சத்தியப் பத்திரம் எழுதிக்கொண்டிருப்பாள்.

நல்ல ஹெட்மாஸ்டர் என்ன செய்வார் தெரியுமா? பட்டியலை அனுப்பு முன்னர் ஒவ்வொரு பிள்ளையிடமும் காட்டிப் படிக்கச் சொல்வார். வீட்டுக்கும் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவார். பரீட்சை ரிசல்ட்டைப் போல இது பத்திரிகையில் வராது. இதற்காக யாரும் நல்லாசிரியர் விருது கொடுக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் வாழ்நாளுக்கு இதுவே பெரிய உபகாரம்.

இன்னொன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் என்று 2020-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்படிப் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. இரண்டுக்கும் பள்ளிக்கூடப் பதிவேடுதான் ஆதாரம். ஒரு பெண் டாக்டராவதும் ஆகாததும், பழைய அலமாரியில் ஒரு பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பதிலும் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

* * *

காரைக்குடி ஆச்சி ஒருவர். நல்ல விவரமானவர். பேத்திக்குப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள், ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்கே சேத்தேன்? இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், தம்பி!"

"ரிசல்ட் எல்லாம் விசாரித்தீர்களா?"

"ரிசல்ட்டை என்னத்துக்கு விசாரிக்கணும்? அதைத்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போர்டு கட்டி வச்சிருக்காகளே! நான் காலையில எட்டே முக்காலுக்கே போயி, எதிர்த்த கடைத் திண்ணையில உக்காந்துட்டேன். ஹெட்மாஸ்டர் பிள்ளைகளுக்கு முந்தி வர்றாகளா, பிந்தி வர்றாகளான்னு பாத்தேன்."

"அப்புறம்?"

"தண்ணி குடிக்கிற மாதிரி உள்ள போயி, பொம்பளப் பிள்ளைக கக்கூஸைப் பாத்தேன். கதவுல தாப்பாள் இருக்கா, குழாயில தண்ணி வருதான்னு பாத்தேன்."

"அது எதற்கு ஆச்சி?"

"உங்களுக்குத் தெரியாது தம்பி. தாப்பாள் இல்லாத பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளை காலையில இருந்து தண்ணியே குடிக்காது. சாயங்காலம் வந்து தலை வலிக்குதுன்னு படுத்துக்கிரும். வயசுக்கு வந்தப்புறம் மாசத்துல மூணு நாள் லீவு. மூணு நாள் அஞ்சு நாளாகும். அப்புறம் 'இவளுக்குப் படிப்பு ஏறலே, கட்டிக் கொடுத்துருவோம்'பாக. படிப்பு ஏறாம இல்லே, தாப்பாள் இல்லே!"

நான் சற்று நேரம் பேசவில்லை.

"மூணாவதா ஒண்ணு கேட்டேன்" என்றார் ஆச்சி. "வாத்தியார் வராத அன்னிக்குக் கிளாசு என்ன பண்ணுதுன்னு ஒரு பிள்ளையைக் கேட்டேன். 'சும்மா உக்காந்திருப்போம்'னு சொன்னா, அந்தப் பள்ளிக்கூடம் வேணாம். 'வேற டீச்சர் வருவாக'ன்னு சொன்னா, உள்ள யாரோ பாத்துக்கிட்டு இருக்காகன்னு அர்த்தம்."

நிர்வாகத்தைப் பற்றிப் பட்டணத்தில் தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். ஆச்சி சொன்ன மூன்றுக்கு மேல் அவற்றில் என்ன இருக்கப் போகிறது?

* * *

ஹெட்மாஸ்டர் நல்லவராக வாய்த்தால் பள்ளிக்கூடம் எப்படி மாறும் என்பதற்கு இந்தச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது.

தேவகோட்டையில் சேர்மன் மாணிக்கவாசகம் நடுநிலைப் பள்ளி என்று ஒன்று. ஹைஸ்கூல் கூட அல்ல. எட்டாம் வகுப்பு வரைதான். அந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பாங்கிக்கும் தபாலாபீஸுக்கும் அழைத்துக்கொண்டு போய், பணம் எடுப்பது எப்படி, மணியார்டர் அனுப்புவது எப்படி என்று நேரிலே காட்டுகிறார்கள். அதிகாரிகளையும் அறிஞர்களையும் பள்ளிக்கு வரவழைத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைக்கிறார்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. வேண்டியது பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் துணிச்சலும், நாலு பேரிடம் போய்க் கேட்கிற மனசும்.

காரைக்குடியிலேயே ராமநாதன் செட்டியார் நகராட்சிப் பள்ளி இருக்கிறது. நகராட்சிப் பள்ளி என்றால் முகத்தைச் சுளிக்கிற காலம் இது அல்லவா? அந்தப் பள்ளியில் தலைமையும் ஆசிரியர்களும் முனைந்து நின்றதில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறி, சேர்க்கைக்குப் பெற்றோர் வரிசையில் நிற்கும் அளவுக்கு ஆகி, அது பத்திரிகைச் செய்தியாகவே வந்தது. 1928-இல் நகராட்சியாகி 2024-இல் மாநகராட்சியான ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள இது ஒன்று போதும்.

ஆனால் இங்கேதான் ஒரு கவலையும் இருக்கிறது.

ஹெட்மாஸ்டர் நாற்காலி அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் சீனியாரிட்டிப்படி வருவது. இருபது இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய பிறகு, தலை நரைத்த பிறகு வரும். தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 58-இலிருந்து 2020-இல் 59 ஆக்கி, 2021-இல் 60 ஆக்கினார்கள். அப்படியும் பலருக்கு அந்த நாற்காலியில் கிடைப்பது சில வருஷங்கள்தான். நடுவில் மாறுதல் கலந்தாய்வு வரும். சொந்த ஊருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? ஒருவர் போய் இன்னொருவர் வரும் வரையில், மூத்த ஆசிரியர் ஒருவர் "பொறுப்பு" ஹெட்மாஸ்டராக இருப்பார். பாவம், அவருக்குத் தம் வகுப்பும் இருக்கும். இந்தச் சுமையும் இருக்கும். வீட்டில் மாமியாரும் ஊருக்குப் போய், சமையற்காரியும் நின்றுவிட்டால், ஒற்றை மருமகள் படுகிற பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வருஷம் ஒரு வருஷம்தான். பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இல்லாமல் ஒரு வருஷம் போன பெண்ணுக்கு அப்படி அல்ல. அந்த வருஷம் அவளுக்குத் திரும்பி வராது. அடுத்த ஜூனில் வாத்தியார் வருவார். அதற்குள் அவள் பத்தாம் வகுப்போடு நின்று, ஜவுளிக் கடையில் நின்றுகொண்டிருப்பாள்.

ஆக, ஹெட்மாஸ்டர்கள் வருவார்கள், போவார்கள். நிரந்தரமாக இருப்பது ஊர்தான். அழகப்பரைப் போன்ற கொடையாளி எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. நல்ல ஹெட்மாஸ்டரும் எல்லாக் காலத்திலும் இருப்பதில்லை. அப்படியானால் நல்லவர் தொடங்கிய காரியத்தை அவர் போன பிறகும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் யார்?

இப்போது உங்கள் சம்பந்தத்துக்கு வந்துவிட்டேன்.

* * *

2009-இல் பார்லிமெண்டு கல்வி உரிமைச் சட்டம் செய்தது. 2010 ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. அதன்படி அரசுப் பள்ளிகளுக்கும் நகராட்சி போன்ற உள்ளூர் ஸ்தாபனங்களின் பள்ளிகளுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று வேண்டும். அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களை எல்லாப் பள்ளிகளிலும் புதிதாக அமைத்தார்கள். தலைமைப் பதவியே பெற்றோருக்குத்தான்; பல பள்ளிகளில் ஒரு தாயார்தான் அதில் இருக்கிறார். ஹெட்மாஸ்டர் கூட்டத்தைக் கூட்டுவார்.

நாற்காலி என்றால் நாலு கால் வேண்டும். ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கு ஒரு கால் அரசாங்கம், ஒரு கால் கொடை கொடுத்த ஊர், ஒரு கால் ஆசிரியர்கள். நாலாவது கால் பெற்றோர். அதிலும் முக்கியமாகத் தாய்மார். மற்ற மூன்று கால்களையும் பற்றி நாம் தினமும் குறை சொல்கிறோம். நாலாவது கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று கணவரை அனுப்புகிறோம். அவர், "எனக்கு ஆபீஸ் இருக்கிறது" என்கிறார். கடைசியில் யாரும் போவதில்லை. பதிவேடு மட்டும் வீட்டுக்கு வருகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். நாம் போகாத கூட்டத்தில் நாம் ஆமோதித்த தீர்மானம்!

போங்கள் சகோதரிகளே, போய் உட்காருங்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஆச்சியின் கேள்விகளையே கேளுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை நாளாக இல்லை? பெண்பிள்ளைகள் கக்கூஸில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கின்றனவா, அதைத் தினமும் கழுவுவது யார், அவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா? பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை வீட்டுக்குக் காட்டினீர்களா? பத்து நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா? கேட்டதும் வந்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். ஆசிரியர் இல்லை என்று குழு எழுதிய தீர்மானம், ஹெட்மாஸ்டர் தனியாக எழுதும் கடிதத்தைவிட மேலிடத்தில் கனமாக இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். அந்த அறையில் இருப்பவர் பல சமயங்களில் உங்களைவிடத் தனியாக இருக்கிறார். மேலே இருப்பவர்கள் கணக்குக் கேட்கிறார்கள், கீழே இருப்பவர்கள் லீவு கேட்கிறார்கள், "உங்களுக்கு என்ன வேண்டும், சார்?" என்று கேட்பவர் யாரும் இல்லை. கூட்டம் முடிந்ததும் அந்தக் கேள்வியையும் கேளுங்கள். பட்டியலை எடுத்துக் கொடுப்பார். கடம்பத்தூரில் படித்ததைப் போன்ற பட்டியல்தான். ஒரு கரும்பலகை, இரண்டு மின்விசிறி, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊரில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைத்துவிடும். மகமை எடுத்த ஊர்களில் கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

இந்த மாதக் கூட்டம் எந்தத் தேதி என்று பிள்ளையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சமையல் எளிதாக இருக்கட்டும். ரசமும் அப்பளமும் போதும்.